நான்கு பிரிவு இரத்தம், ஒரே பந்தி

மாலைச் செபமாலை முடிந்ததும் கூடத்தில் பாய் விரித்து, பெரியவர் சிறியவர் யாவரும் ஒருங்கே அமர்ந்து, உணவுக்கு முன் செபம் சொல்லி, ஒரே பானைச் சோற்றைப் பகிர்ந்து உண்பது நம் கத்தோலிக்கக் குடும்பங்களின் நெடுநாளைய வழக்கம். எமது இல்லத்திலும் அவ்வழக்கம் தலைமுறை தலைமுறையாக இருந்துவந்தது. ஆயினும் 2018-ஆம் ஆண்டின் பிற்பகுதியிலிருந்து ஏறக்குறைய எட்டுத் திங்கள் அது நின்றுபோயிற்று. உடன்பிறந்தோர் பூசலோ பாகப்பிரிவினையோ அதற்குக் காரணமன்று. சமையலறைச் சுவரில் நாமே ஒட்டிவைத்த ஒரு தாள்தான் காரணம்.

அவ்வாண்டு செப்டம்பரில், தேவமாதாவின் பிறந்த திருநாள் கழிந்த வாரம், ஒரு நலவாழ்வு முகாமுக்குக் குடும்பத்தோடு சென்றிருந்தோம். விரல் நுனியில் துளி இரத்தம் எடுத்துப் பிரிவு கண்டு சொன்னார்கள். எமக்கு பி; எம் துணைவியாருக்கு ஏ; விடுமுறையில் வந்திருந்த மூத்த மகனுக்கு ஓ; கல்லூரியில் பயிலும் இளைய மகளுக்கு ஏபி; 74 வயதான எம் அன்னையாருக்கு ஓ. “நான்கு பிரிவும் ஒரே வீட்டிலா!” என்று வியந்த முகாமினர், இரத்தப் பிரிவுக்கேற்ற உணவை உண்டால் நோயே அணுகாது என்று விளக்கி, அச்சிட்ட தாளொன்றைக் கையில் தந்தனர். அச்சில் வந்ததெல்லாம் உண்மை என்று நம்பிப் பழகிய தலைமுறையினர் நாம். தாளை வீட்டுக்குக் கொண்டுவந்து ஒட்டினோம்.

அத்தாளில் கண்ட கொள்கையை முதலில் சொல்லிவிடுகிறோம். அமெரிக்க நாட்டு இயற்கை மருத்துவர் பீட்டர் டி’அடாமோ என்பவர் 1996-இல் எழுதிய நூலால் உலகெங்கும் பரவியது அது. மனிதரின் ஆதி இரத்தம் ஓ பிரிவாம், அவர்கள் வேட்டையாடியவர்கள், ஆகவே இறைச்சி அவர்களுக்கு உகந்தது, பாலும் கோதுமையும் ஆகா. உழவுத்தொழில் தோன்றியபோது ஏ பிரிவு வந்ததாம். அவர்களுக்கு மரக்கறி உணவே நன்று. ஆடுமாடு மேய்த்துத் திரிந்தவர்களிடையே பி பிரிவு பிறந்ததாம். அவர்களுக்குப் பாலும் தயிரும் ஏற்றவை. ஏபி பிரிவினர் கடைசியில் வந்தவர்கள். அவர்களுக்கு இரண்டுங் கலந்த உணவு. பிரிவுக்கு ஒவ்வாததை உண்டால், உணவிலுள்ள லெக்டின் என்னும் புரதங்கள் இரத்த அணுக்களை ஒட்டித் திரளச் செய்து நோய் விளைக்கும் என்பது அதன் வாதம். கேட்பதற்கு அழகான கதை. கேட்டவுடன் நம்பத்தக்க கதை.

நம்பியதன் விளைவு அடுப்பங்கரையில் தெரிந்தது. பி பிரிவினராகிய எமக்குக் கோழி, நிலக்கடலை, எள், தக்காளி ஆகியவை ஆகா என்றிருந்தது. நல்லெண்ணெயும் கடலை எண்ணெயும் ஒருசேர விலகின. ஏ பிரிவினரான துணைவியாருக்கு இறைச்சியும் பாலும் விலக்கு. மீனில் சில வகைகள் அனுமதிக்கப்பட்டிருந்தன. ஆனால் அவை நம் சந்தையில் பெயர்கூடக் கேட்டிராதவை. பரங்கிப்பேட்டைக் கரையிலிருந்து வரும் மத்தியும் நெத்திலியும், வீராணம் ஏரியின் கெண்டையும் அதில் இல்லை. ஆகவே அவர் மீனை அடியோடு நிறுத்தினார். முட்டையையும் தாமே விட்டார். சென்னை சென்ற மூத்த மகனுக்குத் தொலைபேசியில் விதிகளைச் சொன்னோம். “அப்பா, எங்கள் விடுதிச் சோற்றில் பிரிவு ஏது?” என்று சிரித்தான்.

மிகுந்த துன்பம் அன்னையாருக்கே. ஓ பிரிவினருக்கு மோர் ஆகாது என்றது தாள். இறைச்சி உண்ணலாம் என்றும் அது தாராளமாகச் சொல்லிற்று; உண்பதற்கு அவருக்குப் பற்கள்தாம் இல்லை. இருவேளையும் மோர்ச்சோறும் நார்த்தங்காய் ஊறுகாயுமாக எழுபது ஆண்டு வாழ்ந்தவர், ஒரு சொல்லும் மறுத்துரைக்கவில்லை. “நீ படித்தவன், உனக்குத் தெரியாததா, தம்பி?” என்றார். அவர் உண்ணும் சோற்றின் அளவு நாளுக்குநாள் குறைந்ததை நாம் கவனிக்கவில்லை. கவனித்தவர் துணைவியார். சொன்னால் நாம் சினப்போம் என்று அவர் சொல்லவில்லை.

அடுப்பில் ஒரு குழம்புக்குப் பதில் மூன்று குழம்பு கொதித்தன. அவரவர்க்கு ஆனது அவரவர் உண்டார்கள். துணைவியார் எல்லோருக்கும் சமைத்து முடித்து, இறுதியில் தனியே அமர்ந்து உண்டார். உணவுக்கு முன் செபம் யாரும் சொல்லவில்லை. சொல்லுவதற்கு எல்லோரும் ஓரிடத்தில் இருக்கவேண்டுமே! உள்ளதைச் சொல்வதானால், எமக்கு உடல் எடை சிறிது குறைந்து, நடை எளிதாயிற்று. தாளின் பெருமையை வந்தவர்க்கெல்லாம் எடுத்துரைத்தோம்.

2019-ஆம் ஆண்டு தவக்காலத்தில் துணைவியாருக்கு மூச்சிரைப்புத் தொடங்கிற்று. மாடிப்படி ஏறினால் நெஞ்சு படபடத்தது. முகம் வெளுத்தது. அவருக்கு உதிரப்போக்கு மிகுதியாக இருந்ததை எம்மிடம் மறைத்திருந்தார். மே மாதத்தில் ஒருநாள் கோயிலில் திருப்பலி நேரத்தில் மயங்கி விழுந்தார். சிதம்பரத்தில் ஒரு மருத்துவமனையில் சேர்த்தோம். கருப்பையில் கட்டி; அறுவை தேவை. 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 12 கிராமுக்குக் குறையாமல் இருக்கவேண்டிய ஈமோகுளோபின் 6.4 கிராம்தான் இருந்தது. நோய்க்கு மூலம் கட்டிதான். ஆனால் உதிரம் போய்க்கொண்டிருந்த உடலுக்கு இரும்புச்சத்தைத் தரும் மீனையும் இறைச்சியையும் முட்டையையும் எட்டுத் திங்கள் நிறுத்திவைத்தவர்கள் நாம். மருத்துவ அம்மையார் எல்லாவற்றையும் கேட்டபின் ஒரே வாக்கியம் சொன்னார்: “இரத்தப் பிரிவு பார்ப்பது இரத்தம் ஏற்றுவதற்கு, சோறு போடுவதற்கு அன்று.”

அறுவைக்கு முன் இரண்டு அலகு இரத்தம் ஏற்றவேண்டும் என்றார்கள். ஏ பாசிட்டிவ் பிரிவில் ஒரு அலகே இருப்பில் இருந்தது. “என் இரத்தத்தை எடுத்துக்கொள்ளுங்கள்” என்று கையை நீட்டினோம். பி பிரிவு இரத்தம் அவருக்கு நஞ்சாகும் என்று திருப்பிவிட்டார்கள். மகள் நீட்டினாள். ஏபி இரத்தமும் ஆகாது. அன்னையாரின் ஓ பிரிவு பொருந்தக்கூடும். ஆனால் இரத்தம் கொடுக்கும் வயதெல்லை 65. மகன் சென்னையிலிருந்து மறுநாள் பிற்பகல்தான் வந்துசேர்வான். தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள். அன்று எம் சதை ஆடியது உண்மை. ஆயினும் எம் இரத்தம் பயன்படவில்லை. கட்டிய கணவனின் இரத்தமும் பெற்ற மகளின் இரத்தமும் பயனற்று நின்ற அந்த நடைவழியில், லால்பேட்டையிலுள்ள எம் நண்பர் நினைவுக்கு வந்தார்.

காட்டுமன்னார்கோயில் பக்கத்து வாசகர்க்கு லால்பேட்டையை அறிமுகம் செய்யவேண்டியதில்லை. பிறர்க்காகச் சில சொற்கள். சோழர் வெட்டிய வீராணம் ஏரியின் தென்கோடியில் அமைந்த ஊர். முகமதியப் பெருமக்கள் மிகுதியாக வாழ்வது. அரபுக் கல்லூரியால் பெயர் பெற்றது. வெற்றிலைக் கொடிக்கால்கள் உடையது. ஏரியின் நீர்மட்டத்தைச் செய்தித்தாளில் சொல்லும்போது, 47.50 அடி என்னும் முழு அளவோடு சேர்த்து இவ்வூரின் பெயரும் வரும். எம் நண்பர் அங்கே வெற்றிலை வாணிபம் செய்பவர். தந்தையார் காலந்தொட்டு இரு குடும்பத்துக்கும் பழக்கம். கிறிஸ்து பிறப்புத் திருநாளில் எம் வீட்டுப் பலகாரம் அங்கே செல்லும். பெருநாளில் அவர்கள் வீட்டுப் பிரியாணி இங்கே வரும். அதற்கு முந்தைய பெருநாளில் வந்தது. அடுத்தது வந்தால் எந்தப் பிரிவுக்கு அது ஆகும் என்று தாளைப் பார்க்கவேண்டிய நிலையில்தான் அன்று நாம் இருந்தோம்.

அது இரமலான் மாதம். தொலைபேசியில் செய்தியைக் கேட்டதும் நண்பர் வேறொன்றும் கேட்கவில்லை. “அம்மாவுக்கு என்ன பிரிவு?” என்று மட்டும் கேட்டார். அவருக்கும் எம்மைப்போல் பி பிரிவு. ஆனால் அவருடைய தம்பி மகனுக்கு ஏ பாசிட்டிவ். 24 வயது இளைஞர். பகல் முழுதும் நோன்பிருந்தவர், மாலையில் பள்ளிவாசலில் நோன்பு திறந்து, கஞ்சி குடித்து, மஃரிப் தொழுகை முடித்து, ஏறக்குறைய 25 கிலோமீட்டர் தொலைவைப் பெரியப்பாவை ஏற்றிக்கொண்டு இருசக்கர வண்டியில் கடந்து வந்தார். எடையும் ஈமோகுளோபினும் பார்த்து, 350 மில்லிலிட்டர் எடுத்தார்கள். நன்றி சொல்ல வாயெடுத்தோம். “அத்தை நல்லபடியாக எழுந்து வரட்டும், மாமா” என்றார்.

நண்பர் கையில் ஒரு தூக்குப் பாத்திரம் இருந்தது. அவர் வீட்டம்மையார் எங்களுக்கென்று கொடுத்தனுப்பிய நோன்புக் கஞ்சி. பச்சரிசியும் பாசிப்பருப்பும் வெந்தயமும் இஞ்சி பூண்டும் கொத்துக்கறியும் தேங்காய்ப்பாலும் சேர்த்துக் காய்ச்சியது. மருத்துவமனை நடைவழியில் பழைய செய்தித்தாளை விரித்து அமர்ந்தோம். மகள் ஏபி; அன்னையார் ஓ; நாமும் நண்பரும் பி; சற்றுமுன் இரத்தம் கொடுத்த இளைஞர் ஏ. ஐவரும் ஒரே பாத்திரத்திலிருந்து ஊற்றிக் குடித்தோம். அன்னையார்தாம் முதலில் சிலுவை அடையாளம் வரைந்து செபம் தொடங்கினார். எட்டுத் திங்களுக்குப் பின் எம் குடும்பம் சேர்ந்து உண்ட முதல் உணவு அதுவே. நண்பர் முன்னிலையில் நாம் தலைகுனிந்திருந்ததற்குக் காரணத்தை அவர் அறியார்.

இருப்பிலிருந்த அலகை அன்றிரவே ஏற்றினார்கள். இளைஞர் கொடுத்தது சோதனைகள் முடிந்து மறுநாள் ஏறிற்று. அறுவை நலமே முடிந்தது. படுக்கையருகில் அமர்ந்திருந்த நாள்களில், எதை நம்பினோம் என்பதை முறையாகப் படித்தறிய முற்பட்டோம். படித்ததில் வாசகர்க்குப் பயன்படுவதைச் சுருங்கச் சொல்கிறோம்.

இரத்தம் எல்லார்க்கும் ஒன்றே என்று கருதி ஏற்றியதால் முற்காலத்தில் பலர் மாண்டனர். வியன்னா நகரின் கார்ல் லான்ட்ஸ்டெய்னர் என்னும் அறிஞர், தம் இரத்தத்தையும் தம்முடன் பணிபுரிந்தோரின் இரத்தத்தையும் ஒன்றோடொன்று கலந்து பார்த்து, 1901-இல் மூன்று பிரிவுகள் இருப்பதை வெளியிட்டார். நான்காவதாகிய ஏபியை அடுத்த ஆண்டு அவருடைய தோழர்கள் கண்டனர். இதற்காக 1930-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. சிவப்பணுக்களின் மேற்புறத்தில் உள்ள நுண்ணிய சர்க்கரைப் பொருள்களின் வேறுபாடே இப்பிரிவுகள். ஏ பிரிவில் ஒருவகைச் சர்க்கரை, பி பிரிவில் வேறொரு வகை, ஏபியில் இரண்டும், ஓவில் இரண்டும் இல்லை. நம் நாட்டிலேயே மும்பையில் 1952-இல் மருத்துவர் பெண்டே குழுவினர் மற்றோர் அரிய பிரிவைக் கண்டறிந்தனர். அதற்கு ‘பம்பாய்ப் பிரிவு’ என்றே பெயர். வழக்கமான சோதனையில் அது ஓ போலத் தோன்றும். ஆனால் அப்பிரிவினர்க்கு அப்பிரிவினரே இரத்தம் கொடுக்க இயலும்.

வேட்டைக்காரர் ஓ, உழவர் ஏ என்னும் வரலாறு நிலைபெறவில்லை. ஏ, பி என்னும் பிரிவுகள் மனிதக் குரங்கினங்களிலும் உள்ளன. உழவு தோன்றுவதற்குப் பல இலட்சம் ஆண்டுகளுக்கு முன்பே அவை உண்டு. ஓ என்பதோ, ஏ பிரிவுக்குரிய மரபணுவில் ஓர் எழுத்து உதிர்ந்ததால் உண்டானது. இதற்குச் சான்று தேட நாம் வெகுதொலைவு செல்லவேண்டியதில்லை. ஏ பிரிவுத் தாய்க்கும் பி பிரிவுத் தந்தைக்கும் நான்கு பிரிவிலும் பிள்ளைகள் பிறக்கக்கூடும். எம் பிள்ளைகளே சான்று. ஒரு வயிற்றில் பிறந்த இருவரில் ஒருவன் வேடன், மற்றவள் பாதி உழத்தி பாதி இடைச்சி என்று எங்ஙனம் பிரிப்பது?

லெக்டின் பற்றிய அச்சமும் அப்படியே. சிவப்பு ராஜ்மாவைப் பச்சையாகவோ அரைவேக்காடாகவோ உண்டால் வயிறு கெடும். நன்றாகக் கொதிக்கவைத்தால் அத்தீங்கு நீங்கும். இஃது எல்லாப் பிரிவினர்க்கும் பொது. 2013-இல் பெல்ஜிய நாட்டு ஆய்வாளர்கள் அதுவரை வெளிவந்த ஆய்வுகளையெல்லாம் திரட்டிப் பார்த்து, இவ்வுணவு முறைக்குச் சான்று ஏதுமில்லை என்றனர். 2014-இல் கனடாவின் டொராண்டோ பல்கலைக்கழகத்தார் 1,455 பேரை ஆராய்ந்தனர். மரக்கறி மிகுந்த ‘ஏ’ உணவை உண்டோர்க்கு எடையும் இரத்த அழுத்தமும் குறைவாக இருந்தன. ஆனால் அந்நன்மை அவர் எப்பிரிவினர் ஆயினும் கிட்டிற்று. எமக்கு எடை குறைந்ததன் மருமமும் அதில் விளங்கிற்று. கடலை எண்ணெயில் பொரித்த பலகாரங்களை நிறுத்தினோம், எடை இறங்கிற்று. பி பிரிவுக்கு அதில் ஒரு பங்கும் இல்லை.

இரத்தப் பிரிவுக்கும் நோய்க்கும் தொடர்பே இல்லை என்று சொல்லுவதும் பிழையாகும். ஓ பிரிவினர்க்கு வாந்திபேதி கண்டால் கடுமையாக இருக்கும். இரைப்பைப் புண்ணும் அவர்க்குச் சற்று மிகுதி. இரத்த நாளங்களில் உறைகட்டி அடைப்பதும் மாரடைப்பும் அவர்க்குச் சற்றுக் குறைவு. ஆனால் இவற்றைக் கொண்டு, இவர் மோர் அருந்தலாம், அவர் அருந்தலாகாது என்று விதிப்பதற்கு வழியில்லை. சர்க்கரை நோயாளிக்கும் சிறுநீரக நோயாளிக்கும் மருத்துவர் வகுக்கும் பத்தியம் வேறு. அது நோயைப் பார்த்து வகுப்பது; அதைக் கட்டாயம் பின்பற்றவேண்டும்.

துணைவியார் வீடு திரும்பிய அன்று, சுவரிலிருந்த தாளைக் கிழிக்க நாம் கை நீட்டுமுன் அன்னையாரே அதை எடுத்துவிட்டிருந்தார். அடுப்பு மூட்ட உதவியதாம். அன்றிரவு அவருக்கு மோர்ச்சோறு நாமே பிசைந்து கொடுத்தோம். முருங்கைக்கீரையும் கேழ்வரகும் சிறுமீனும் முட்டையும் பருப்பும் மீண்டும் வந்தன. உணவோடு தேநீர் அருந்தினால் இரும்புச்சத்து உடலில் சேர்வது குறையும். எலுமிச்சையும் நெல்லிக்காயும் சேர்த்தால் நன்கு சேரும் என்று மருத்துவ அம்மையார் சொன்னதையும், அவர் தந்த இரும்பு மாத்திரைகளையும் தவறாது கடைப்பிடித்தோம். ஆறு திங்களில் ஈமோகுளோபின் 11.8 ஆயிற்று. நம் மாநிலத்துப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டோர் இரத்தசோகை உள்ளவர்கள் என்று அரசின் குடும்பநல ஆய்வு கூறுகிறது. எல்லோர்க்கும் பரிமாறிவிட்டு எஞ்சியதை உண்ணும் தாய்மாரை அந்தக் கணக்கில் நாம் காணவேண்டும்.

இதில் விசுவாசத்துக்குரிய பாடமும் ஒன்று உண்டு. நம் திருச்சபையும் உணவில் கட்டுப்பாடு விதிக்கிறது. வெள்ளிக்கிழமைச் சுத்தபோசனமும் தவக்கால ஒருசந்தியும் நாம் சிறுவயதுமுதல் அறிந்தவை. ஆனால் அவை பங்கு முழுவதையும் ஒன்றாகப் பசித்திருக்கச் செய்கின்றன. மிச்சப்பட்டதை ஏழைக்குக் கொடுக்கச் சொல்கின்றன. எமது தாளோ ஒவ்வொருவரையும் தன் உடலை மட்டும் நோக்கச் செய்தது. யோப்பா நகரில் மாடிமீது செபித்துக்கொண்டிருந்த புனித இராயப்பர் கண்ட காட்சியை நினைத்துக்கொள்கிறோம். விலக்கென்று கருதியவற்றை உண்ணுமாறு பணித்து, அதன்வழியே எந்த மனிதரையும் தீட்டென்று கருதலாகாது என்று ஆண்டவர் அவருக்கு உணர்த்தினார். 1956-இல் காமராசர் காலத்தில் தொடங்கி, 1982-இல் எம்.ஜி.ஆர். காலத்தில் விரிவடைந்த பள்ளி மதிய உணவு, குழந்தைகளை ஒரே வரிசையில் அமர்த்தி ஒரே சோற்றை ஊட்டி வளர்த்ததும் இந்நாட்டில்தான். எப்பிரிவு என்று அங்கே யாரும் கேட்டதில்லை.

ஆகவே குடும்பத் தலைவர்களுக்கும் தலைவியர்க்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் இல்லத்தார் ஒவ்வொருவரின் இரத்தப் பிரிவையும் தவறாது அறிந்துவையுங்கள். ஞானஸ்நானச் சான்றிதழோடு அதையும் குறித்துவையுங்கள். 18 வயது நிறைந்து, 45 கிலோ எடையும் போதிய ஈமோகுளோபினும் உள்ளவர்கள் இரத்தம் கொடுக்க முன்வாருங்கள். ஆண்கள் மூன்று திங்களுக்கு ஒருமுறையும் பெண்கள் நான்கு திங்களுக்கு ஒருமுறையும் கொடுக்கலாம். பிறர் வாழத் தம் இரத்தத்தைச் சிந்தியவரை வழிபடும் நமக்கு, 350 மில்லிலிட்டர் பெரிதன்று.

நாம் இதுவரை ஐந்து முறை கொடுத்திருக்கிறோம். பெற்றவர் யார் என்று அறியோம். லால்பேட்டை இளைஞருக்குத் திருமணமாகிக் குழந்தையும் பிறந்துவிட்டது. பெருநாள்தோறும் பிரியாணி வருகிறது. அன்னையார் இப்போது இல்லை. கடைசி நாள் வரையில் அவர் மோர் அருந்தினார். மாலைச் செபமாலை முடிந்ததும் இன்றும் கூடத்தில் பாய் விரிக்கிறோம்.